ஓடினால் சுட முடியாது!

நடுவர் அவர்களே, எதிரணியில் ஓடி ஓடிக் களைத்துப்போய் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, உப்புக்காற்றைப் பொருட்படுத்தாமல் கூடியிருக்கும் தூத்துக்குடிப் பெருமக்களே, தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

"துப்பாக்கி வீடியோ கேமில் ஓட்டம் தேவையா, தேவையில்லையா?" இந்தத் தலைப்பைக் கேட்டதும் எங்க மாமியார், "ஏ தாயி, இதுக்குப் போய் மேடை போட்டிருக்காங்களா? நாட்டுல வேற வெவகாரமே இல்லையா?"ன்னாங்க. "அத்தை, ராத்திரி பதினோரு மணிக்கு உங்க பேரன் 'ஓடுறா, ஓடுறா'ன்னு கத்தி உங்களை எழுப்பி விடுறானே, அந்த வெவகாரந்தான்"னு சொன்னேன். அப்புறம் அவங்களே, "அப்போ நல்லா எதிர்த்துப் பேசு"ன்னு அனுப்பி வெச்சுட்டாங்க. (சிரிப்பு)

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வகை விளையாட்டில் ஆளே தெரிய மாட்டான். திரையில ஒரு கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். ஆள் நாமதான், கண்ணு நம்ம கண்ணு. 1993-ல் வந்த 'டூம்' விளையாட்டிலேயே ஓடுறதுக்கு ஒரு பட்டன் இருந்ததுன்னு எதிரணித் தம்பி ரொம்பப் பெருமையாச் சொன்னார். உண்மைதான் தம்பி. ஆனா பாதியை முழுங்கிட்டீங்களே! டூமில் ஓடிக்கிட்டே சுடலாம். இன்னைக்கு நாம பேசுற ஓட்டம் அது இல்லை. பட்டனை அமுக்கினா வேகம் கூடும், துப்பாக்கி இறங்கிடும். நின்னாத்தான் சுட முடியும். நின்ன உடனே முடியுமா? துப்பாக்கியைத் தூக்கக் கால் நொடி ஆகும். எதிரே நிற்கிறவனுக்கு அந்தக் கால் நொடி போதும் நடுவர் அவர்களே, நம்ம கதையை முடிச்சிடுவான்.

2007-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி'யின் நாலாம் பாகம்தான் இந்த ஓட்டத்தை உலகம் பூராவும் பழக்கி விட்டது. அதுக்குப் பிறகு ஓடாத விளையாட்டே பழசுன்னு ஆகிப்போச்சு. 'ஹேலோ'ன்னு ஒண்ணு. 2001-ல் வந்தது. வருஷக்கணக்கா ஓட்டமே இல்லாம ஓஹோன்னு ஓடின விளையாட்டு. 2010-ல் வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்னு ஓட்டத்தை உள்ளே விட்டாங்க. 2012-ல் எல்லாருக்கும் கொடுத்தாங்க. 2015-ல் என்ன செஞ்சாங்க தெரியுமா? ஓடிக்கிட்டே இருந்தா உடம்பைக் காக்கிற கவசம் மறுபடி நிரம்பாதுன்னு தடை போட்டாங்க. 2021-ல் வந்த 'ஹேலோ இன்ஃபினிட்'டில் ஓட்டம் இருக்கு, ஆனா நடையை விடக் கொஞ்சந்தான் கூட. பந்தியில இலையைப் போட்டு, சோற்றைப் போட்டு, "பார்த்துச் சாப்பிடுங்க"ன்னு சொல்ற மாதிரி இல்லே இருக்கு! கொடுத்தவங்களுக்கே மனசு ஒப்பலேன்னா நமக்கு எதுக்குங்க அது? (கைதட்டல்)

நிஜச் சிப்பாய் ஓட மாட்டானான்னு அம்மணி ஒருத்தங்க கேட்டாங்க. ஓடுவான். அந்த நிஜச் சிப்பாய் நாலு குண்டு வாங்கிக்கிட்டு, செவுத்துக்குப் பின்னாலே ஆறு நொடி உட்கார்ந்து எழுந்தா காயம் ஆறிடுமா? அதை மட்டும் விட்டுட்டீங்களே அம்மா! (சிரிப்பு)

சரி, ஓட்டத்தால நேரமாவது மிச்சமாகுதா? இங்கேதான் நீங்க என்னோட சேர்ந்து கணக்குப் போடணும். ஒரு நடை, அறுபது அடி நீளம். நொடிக்குப் பத்தடி நடந்தா ஆறு நொடியில போயிடலாம். இப்ப ஓட்டம் வந்துடுச்சு, நொடிக்குப் பதினஞ்சு அடி. நாலே நொடி! ஆனா விளையாட்டைச் செய்யறவர் என்ன நினைக்கிறார்? "நாலு நொடியில போய் முட்டிக்கிட்டா ஆட்டம் கலைஞ்சிடுமே"ன்னு அந்த அறுபது அடியைத் தொண்ணூறு அடியா இழுத்துடறார். ஓடினா மறுபடி அதே ஆறு நொடி. நம்ம முத்துநகர் எக்ஸ்பிரஸை வேகமா விட்டுட்டு, அன்னைக்கே சென்னையைத் தூக்கி நாலு ஸ்டேஷன் தள்ளி வெச்ச கதைதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) துப்பாக்கியை நீட்டிக்கிட்டு, முன்னே பின்னே பார்த்து, பதறாம நடந்து வர்றவன் இருக்கானே, அவனுக்கு இப்ப ஒன்பது நொடி. அதாவது ஓடுறவனுக்கு லாபம் ஒண்ணும் இல்லை, நடக்கிறவனுக்கு மூணு நொடி அபராதம்.

இன்னொண்ணு. சண்டையை ஆரம்பிச்சவன், தோத்துடுவோம்னு தெரிஞ்சதும் முதுகைக் காட்டி ஓடிடறான். அடிச்சவன் துரத்தணும்னா அவனும் துப்பாக்கியை இறக்கணும். ரெண்டு பேரும் துப்பாக்கியைத் தொங்கப் போட்டுக்கிட்டு மைதானத்தைச் சுத்தறாங்க. பார்க்கிறதுக்கு மாரத்தான் மாதிரி இருக்கு.

பப்ஜியை இழுத்தீங்க. அங்கே எட்டுக் கிலோமீட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் தீவு; வட்டம் சுருங்கிக்கிட்டே வரும்; ஓடலேன்னா சாவு. அங்கே ஓட்டம் வேணுந்தான், ஒத்துக்கிறேன். நான் பேசறது நாலு செவுத்துக்குள்ள நடக்கிற சண்டையைப் பத்தி. 'கவுண்டர் ஸ்ட்ரைக்'கில் 1999-லிருந்து இன்னைக்கு வரைக்கும் ஓட்ட பட்டன் கிடையாது. அங்கே ஷிஃப்டை அமுக்கினா ஆள் காலடிச் சத்தம் கேட்காம மெதுவா நடப்பான். 2020-ல் வந்த 'வேலரண்ட்'டிலும் அதே ஏற்பாடு. பட்டன் இருக்கு, ஆனா அது பொறுமைக்கு வெச்ச பட்டன்.

இந்த ஊருக்கு இதைச் சொன்னா உடனே புரியும். 1961-ல் கடைசியா முத்துக்குளிப்பு நடந்ததே, அதைக் கண்ணால பார்த்த பெரியவங்க சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். குளிக்கிறவர் கால்ல கல்லு. அந்தக் கல்லு கனமான ஆளையும் ஒல்லி ஆளையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்திலதான் இறக்கும். பதறிக் கையைக் காலை அடிச்சா மூச்சுத்தான் சீக்கிரம் தீரும். கீழே போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளே எத்தனை சிப்பி எடுக்கறார் என்கிறதுலதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மேலே கயிறு பிடிக்கிறவர் கண் அசையாம இருப்பார். போற வேகத்தை எல்லாருக்கும் சமமாக் கொடுத்துட்டா, திறமை தானா வெளியே வரும் நடுவர் அவர்களே.

எங்க வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்ல இன்ஜின் பக்கம் வேலை பார்க்கிறார். எட்டு மாசம் கடல், மூணு மாசம் வீடு. வந்தா பையன்கிட்ட என்ன பேசறது? "நல்லாப் படிக்கிறியா?" "ம்." முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் பேச்சு வர்ற ஒரே இடம் இந்த விளையாட்டுதான். ஓட்டம் இருக்கிற ஆட்டத்துல பையன் பறந்துடுவான். அப்பா எந்தப் பட்டன்னு தேடறதுக்குள்ள நாலு அறை தாண்டியிருப்பான். "எங்கடா இருக்கே?" "நீங்க செத்துட்டீங்கப்பா." இவ்வளவுதான் பேச்சு. (சிரிப்பு) ஓட்டம் இல்லாத ஆட்டத்தைப் போட்டா ரெண்டு பேரும் ஒரே வேகம். அப்பா மூலையில காத்து நிக்கிறார், பையன் வாசலைப் பார்க்கிறான். "வலப்பக்கம் நான் பார்த்துக்கிறேன், நீ படிக்கட்டைப் பாருலே"ங்கிறார். "சரிப்பா"ங்கிறான். எட்டு மாசத்துல நான் கேட்காத குரல் அது. நடுவுல அவனாகவே, "கப்பல்ல ராத்திரி டூட்டி பயமா இருக்குமாப்பா?"ன்னு கேட்டான். அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். தோசை கருகினது கூடத் தெரியலே. (கைதட்டல்)

வேகம்னா விறுவிறுப்புன்னு கடைசியாப் பேசிய தம்பி சொன்னார். 2016-ல் டூம் புதுசா வந்தபோது ஓட்ட பட்டனே வைக்கலே. ஆள் எப்பவுமே வேகமாத்தான் போவான், துப்பாக்கி எப்பவும் கையிலே. விறுவிறுப்புக்கு என்ன குறைச்சல் வந்துது? வேகம் கொடுங்க, வேண்டாம்கலே. துப்பாக்கியைப் பிடுங்கிக்கிட்டு வேகத்தைக் கொடுக்காதீங்கன்னுதான் கேட்கிறோம்.

நடுவர் ஐயா மணியில கை வைக்கிறார். எதிரணியில் அடுத்துப் பேச வேண்டியவர் இப்பவே எழுந்து ஓட்டத்துக்குத் தயாராயிட்டார். நான் நடந்தே போய் என் இடத்தில் உட்காருகிறேன்.