கணக்கை மீறிய கண்ணிகள்

கோழிக்கொண்டைப் பூவை உற்றுப் பார்த்ததுண்டா? காம்பை ஒட்டிய இடத்தில் அது ஒரு விரல் அகலம்கூட இருக்காது. மேலே போகப் போக இடம் பற்றாமல் நெளிந்து, மடிந்து, சுருண்டு நிற்கும். அந்த விளிம்பை மட்டும் பிரித்து நீட்ட முடிந்தால் எவ்வளவு நீளம் வருமோ! இப்படி ஓரத்தை நோக்கிப் போகும்போதெல்லாம் பெருகிக்கொண்டே போகும் பரப்புக்குக் கணிதத்தில் அதிபரவளையத் தளம் என்று பெயர். பெயரைக் கேட்டு வானொலியை அணைத்துவிடாதீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது கம்பளி நூலையும் குரோஷா ஊசியையும் பற்றித்தான். கணக்கு கொஞ்சம் கூடவே வரும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒரு நேர்கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக, முதல் கோட்டை எங்குமே தொடாமல் எத்தனை கோடு போடலாம்? ஒன்றே ஒன்று என்பது யூக்ளிட் வழிவந்த பாடம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹங்கேரியில் போயாய் என்பவரும் ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கி என்பவரும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்கிற வேறொரு வடிவியலைக் கட்டி எழுப்பினார்கள். ஏட்டில் கணக்கு சரியாக நின்றது. மாணவன் கையில் கொடுத்து, ‘இதுதான் அந்தப் பரப்பு, தொட்டுப் பார்’ என்று சொல்லத்தான் எதுவும் இல்லை. 1970களில் வில்லியம் தர்ஸ்டன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் காகிதப் பட்டைகளை வளைத்து ஒட்டி ஒரு மாதிரி செய்யலாம் என்று காட்டினார். நாலு பேர் கை பட்டால் காகிதம் என்ன ஆகும்?

1997இல் அப்படி நைந்துபோன ஒரு காகித மாதிரி டைனா டைமினாவின் கண்ணில் பட்டது. லாட்வியாவில் பிறந்து, அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த பெண்மணி. சிறு வயதிலிருந்தே நூலும் ஊசியும் பழகிய கை. முதலில் ஸ்வெட்டர் போடும் இரட்டை ஊசியில் பின்னிப் பார்த்தார்; சரிப்படவில்லை. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்குக் காரணம் உடனே புரியும். இரட்டை ஊசியில் ஒரு வரிசையின் கண்ணிகள் மொத்தமும் ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும். இந்தப் பரப்பிலோ வரிசைக்கு வரிசை கண்ணி பெருகும், ஊசி கொள்ளாது. குரோஷாவில் அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு பெரிதாகப் பின்னினாலும் ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும்.

செய்முறையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 20 சங்கிலி போடுங்கள். திரும்பி வரும்போது நாலு கண்ணியில் ஒவ்வொன்று, ஐந்தாவது கண்ணியில் மட்டும் இரண்டு. இதையே வரிசைதோறும் செய்யுங்கள். இரண்டாவது வரிசைவரை ஒன்றும் தெரியாது. பிறகு ஓரம் லேசாக அலையும். பத்து வரிசையில் கண்ணிகள் 120ஐத் தாண்டும். பதினைந்தில் 300ஐத் தாண்டும். துணி கையில் அடங்காமல் சுருண்டு திமிறும். அதை எங்கே மடித்தாலும் அந்த மடிப்பு ஒரு நேர்கோடு. ஒரு மடிப்பின் மேல் வண்ண நூலை ஓட்டுங்கள். அதற்கு வெளியே ஒரு கண்ணியைக் குறித்துக்கொண்டு, அதன் வழியாக இன்னும் இரண்டு மூன்று முறை வெவ்வேறு சாய்வில் மடித்து நூல் ஓட்டுங்கள். முதல் கோட்டைத் தொடாத பல கோடுகள் ஒரே புள்ளியில் கூடி நிற்பதை விரலால் தடவியே பார்க்கலாம். இதைப் பற்றி டைமினா எழுதிய புத்தகத்துக்கு ஆண்டின் விசித்திரமான தலைப்பு என்று ஒரு வேடிக்கைப் பரிசு கிடைத்தது. 2012இல் அதே புத்தகத்துக்கு ‘மேத்தமேட்டிகல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா’ அமைப்பின் ஆய்லர் நூல் பரிசும் கிடைத்தது. முதல் பரிசைக் கேட்டுச் சிரித்தவர்கள் இரண்டாவதைக் கேட்டு என்ன செய்தார்களோ!

இதுவரை சொன்னது ஒருவர் கைவேலை. இனிமேல்தான் கூட்டம் சேர்கிறது.

மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் இருவரும் இரட்டைச் சகோதரிகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர்கள், அதாவது பெரும் பவளத்திட்டு இருக்கும் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். மார்கரெட் அறிவியல் எழுத்தாளர். கிறிஸ்டின் கவிஞர், கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் குடியிருந்த இருவரும் டைமினாவின் முறையைக் கற்றுக்கொண்டு பின்னிக் குவித்தார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தன, உயிர்தான் இல்லை. சூத்திரம் பிசகாமல் பின்னினால் அப்படித்தான். பிறகு கிறிஸ்டின் கணக்கை மீற ஆரம்பித்தார். இங்கே ஐந்துக்கு ஒன்று, அங்கே மூன்றுக்கு ஒன்று, நடுவில் வேறு நூல். வீட்டு மேசையில் கிடந்த குவியல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலடியைப் போல ஆகத் தொடங்கியது. 2005இல் ஒரு பவளத்திட்டையே பின்னிவிடுவது என்று முடிவாயிற்று. அவர்கள் பிறந்த ஊர்ப் பக்கம் அசல் பவளம் வெப்பத்தில் வெளுத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் மன்னார் வளைகுடாவிலும் 2016இல் பவளம் வெளுத்தது நினைவிருக்கலாம்.

இரண்டு பேரால் ஒரு கடலைப் பின்ன முடியுமா? துணைக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். பொட்டலங்கள் வரத் தொடங்கின. 2007இல் பிட்ஸ்பர்கிலும் சிகாகோவிலும் பின்னல் பவளங்கள் பார்வைக்கு வந்தன, 2008இல் லண்டன், 2010இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், 2019இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி. போகும் ஊரிலெல்லாம் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு திட்டைப் பின்னினார்கள். ஜெர்மனியின் பாடன்பாடனில் 2022இல் வைத்த திட்டுக்கு மட்டும் 4,000 பேருக்கு மேல் சேர்ந்து சுமார் 40,000 பவளங்களை அனுப்பியிருந்தார்கள்.

பெட்டி பெட்டியாக வந்து இறங்குவதை எப்படி அடுக்குவது? எல்லோருக்கும் கொடுத்தது ஒரே சூத்திரம். வந்ததோ ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளரப் பின்னுவார். ஒருவருக்கு மணி கோக்காமல் கை நிற்காது. இவற்றில் எதையும் பிசகு என்று தள்ளாமல், எதன் பக்கத்தில் எது நின்றால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்து நிறம் சேர்த்து, உயரம் சேர்த்து நிறுத்துவதுதான் சகோதரிகளின் வேலை. அது சின்ன வேலை இல்லை. ஆனாலும் கேள்வி எழத்தான் செய்யும்: இது யாருடைய படைப்பு? ஆயிரம் கைகள் செய்ததை ஓரிருவர் பெயரில் மாட்டிவைப்பது கலை உலகத்துக்குப் புதிதல்ல. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை என்றால் கேட்கவே வேண்டாம். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்தச் சகோதரிகளோ பின்னியவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டே காட்சிக்கு வைக்கிறார்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் பவளத்தைவிடப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். கோயில் குழல்விளக்கில்கூட உபயதாரர் பெயரை எழுதும் ஊர்க்காரன் வேறு எதைச் சொல்வேன்!

நம்மூரிலும் குரோஷா கூட்டம் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தது. பல ஊர்களிலிருந்து வந்த சதுரங்களைச் சேர்த்து ஆன போர்வை. அங்கே கூட்டுறவின் இலக்கணமே வேறு. சதுரம் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் விளிம்போடு விளிம்பு பொருந்தும். ஒருவர் இரண்டு அங்குலம் கூட்டினால் பக்கத்தில் இருப்பவர் வேலை கோணும். பவளத்திட்டுக்கோ அந்த இரண்டு அங்குலம்தான் தேவை. போர்வைக்குக் கட்டுப்பாடு, திட்டுக்குத் தாராளம். எது கடினம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். சொன்னபடி செய்யப் பழகிய கைக்கு, இஷ்டப்படி செய் என்றால் ஊசி நகராது.

வெர்தைம் சகோதரிகள் கம்பளியோடு நிற்கவில்லை. கடலில் சேரும் குப்பையை நினைத்து, பிளாஸ்டிக் பைகளையும் பழைய வீடியோ நாடாவையும் வைத்து ஒரு நச்சுத் திட்டும் பின்னினார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் கேரி பேக்குக்குத் தடை. இருந்தாலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் பத்துப் பை இல்லாத வீடு எது? எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியையும் அடித்தையலையும் வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஓர் அங்குல அகலத்தில் விடாமல் வெட்டிக்கொண்டே போனால் பை முழுக்க ஒரே நாடாவாகிவிடும். நூலுக்கு எடுக்கும் மெல்லிய ஊசி இதற்கு ஆகாது. ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத பருத்த ஊசி வேண்டும். இறுக்கிப் பின்னினால் பிளாஸ்டிக் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது, மணிக்கட்டும் வலிக்கும். தளர விட்டுப் பின்னுங்கள். நாலுக்கு ஒன்றா, ஐந்துக்கு ஒன்றா என்பது உங்கள் இஷ்டம்.