லிங்கி ஆற்றங்கரையில் ஒரு பாடப்புத்தகம்

(அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராவது குறித்து நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"தத்துவம், வரலாறு, பொருளாதாரம்: அரசுத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது?" என்ற தலைப்பை ஏற்பாட்டாளர்கள் எனக்குக் கொடுத்தபோது முதலில் தயங்கினேன். நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள்; பேராசிரியை அல்ல. பிறகு எனக்கும் ஒரு தகுதி இருக்கிறது என்று தோன்றியது. நான் அந்த வாசல் வரை போய்த் தோற்றுத் திரும்பியவள். ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தோம் என்று சொல்வார்கள். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பதை விழுந்தவர்தானே காட்ட முடியும்?

நான் பிறந்தது லிங்கி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா பால்மரம் வெட்டியவர். டிப்ளோமா முடித்த கையோடு உதவி நிர்வாக அதிகாரி வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்கும் போனேன். பிரெஞ்சுப் புரட்சி, உலகப் போர்கள், அமைச்சர்களின் பெயர்கள் என்று எல்லாம் மனப்பாடம். எதிரே இருந்த அதிகாரி என் முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்: "லிங்கியா? உங்கள் ஊர் ஆற்றுக்காக ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஒப்பந்தம் போட்டானே, ஏன் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தவள் நான். அவர் கோபப்படவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அதன் பிறகு வாய் ஒழுங்காகத் திறக்கவில்லை.

அன்று நான் கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். இந்த மூன்று பாடங்களையும் தூரத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் காலடியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் வரலாறு. அந்த அதிகாரியின் கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். சிரம்பான் பக்கம் அன்று சுங்கை ஊஜோங் என்று பெயர். அங்கே தோண்டிய ஈயம் லிங்கி ஆற்று வழியாகப் படகில் இறங்கி மலாக்கா நீரிணைக்கு வந்தது. ஆற்றங்கரைத் தலைவர்கள் ஆங்காங்கே தடுப்பு போட்டுப் படகுகளிடம் வரி வாங்கினார்கள். மலாக்கா வணிகர்கள் பிரிட்டிஷ் ஆளுநரிடம் முறையிட்டார்கள். 1874 ஜனவரியில் பேராக்கில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே ஆண்டு ஏப்ரலில் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானா, லிங்கி ஆற்றுப் போக்குவரத்தைத் திறந்து வைப்பதாக ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கோடு உடன்பாடு செய்துகொண்டார். அதன் வழியே ஆங்கிலேய ஆதிக்கம் இந்த மாநிலத்துக்குள் நுழைந்தது.

இதை ஆண்டும் பெயருமாக மட்டும் படித்தால் ஒரு மதிப்பெண். யார் வரி வாங்கினார், யாருக்கு நட்டம், யார் யாரைத் துணைக்கு அழைத்தார், கடைசியில் அதிகாரம் யார் கைக்குப் போனது என்று நான்கு கேள்வி கேட்டுப் படித்தால் அது ஒரு கட்டுரை. எந்த நாட்டு வரலாற்றுக்கும் இந்த நான்கு கேள்வி பொருந்தும்.

இரண்டாவது பொருளாதாரம். 'தேவை, வழங்கல்' என்றதும் நம் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் ரப்பர் விலை இறங்கினால் அந்த மாதம் வீட்டில் மீன் வாங்க மாட்டார்கள் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? அதுதான் பொருளாதாரம். 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்று இருந்தது. விலையை நிமிர்த்த ஆங்கிலேயர் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். இங்கே குறைத்ததும் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் ரப்பர் பெருகியது. திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த 1930-களின் உலக மந்தத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டன் அதில் போனவராகவோ, போகாமல் தப்பியவராகவோ இருப்பார்.

இன்னொன்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வரும் நிலை. துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். மூலதனம், சேமிப்பு, முதலீடு, கூட்டுறவு என்ற நான்கு அத்தியாயமும் அந்த 10 வெள்ளிக்குள் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது ஏன் ஆள் குறைந்தது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். ஏக்கருக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை எந்தப் பேராசிரியரையும் விடத் தெளிவாகச் சொல்வார்.

மூன்றாவது தத்துவம். இதற்குத்தான் எல்லாருக்கும் பயம். இந்தியாவின் ஐ.ஏ.எஸ். தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். 2013 முதல் அங்கே எல்லாரும் எழுத வேண்டிய நெறிமுறைத் தாள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுத் தேர்வில் தத்துவம் என்று தனித்தாள் இல்லை. இல்லையே என்று நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். கட்டுரையில் வருகிறது, குழுக் கலந்துரையாடலில் வருகிறது, நேர்முகத்தில் வருகிறது. "சட்டப்படி சரி, ஆனால் நியாயமா?" என்று கேட்டால் அது தத்துவக் கேள்விதான்.

இதற்கு ஓர் உதாரணம் பார்க்க, சிலாங்கூர் பக்கம் கொஞ்சம் போய் வருவோம். 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கூடவே ஒன்று கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளம் கேட்டது பொருளாதாரம். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றது தத்துவம். மனிதனின் மதிப்பு எதில் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் கேட்ட கேள்வி அது. தமிழ்ப்பள்ளியில் குறள் ஒப்பித்த பிள்ளைகளே, பொருட்பாலின் 70 அதிகாரங்கள் 'இறைமாட்சி'யில்தான் தொடங்குகின்றன. ஆள்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் பரிசுக்காக மட்டும் மனனம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

இந்த மூன்றையும் ஒருவர் சேர்த்துப் படித்த கதை வேண்டுமா? பல தோட்டத்து வீடுகளில் சுவரில் ஒரு படம் தொங்கியது: நேதாஜி. சுபாஷ் சந்திர போஸ் கல்லூரியில் தத்துவம் படித்தவர். 1919-ல் இங்கிலாந்து போய், ஏறக்குறைய எட்டே மாதத் தயாரிப்பில் 1920-ல் ஐ.சி.எஸ். தேர்வு எழுதினார். ஒன்பது பாடங்கள்: தத்துவம், இங்கிலாந்து வரலாறு, ஐரோப்பிய வரலாறு, பொருளாதாரம் எல்லாம் அதில் உண்டு. நான்காம் இடம். 1921 ஏப்ரலில் அந்தப் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 1943-ல் அவர் சிங்கப்பூர் வந்தபோது பால்மரம் வெட்டிய கைகள் அவர் படையில் துப்பாக்கி பிடித்தன. 'எதற்காக இந்தப் பதவி?' என்ற கேள்விக்கு விடை தெரிந்து எழுதியவர் அவர். அந்நிய அரசு என்பதால் அவர் விட்டார். இன்று இருப்பது நம் நாட்டு அரசு. நாம் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டதாரி. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பம் போட்டாயா என்று போன தீபாவளிக்குக் கேட்டேன். "போட்டு என்னக்கா ஆகப்போகுது? நம்மள எடுக்கவா போறாங்க?" என்றான்.

அவன் வருத்தம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1875-லேயே பொன்னம்பலம் அருணாசலம் என்ற தமிழர் போட்டித் தேர்வில் வென்று இலங்கை சிவில் சேவையில் நுழைந்தார். ஆனால் 1904-க்குப் பிறகு, மலாயாவில் அந்தத் தேர்வுக்கு ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்று விதி போட்டார்கள். 1950-களில் மலாயா சிவில் சேவை மற்ற இனத்தாருக்கும் திறந்தபோது, நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற விகிதம். இன்றும் அரசுப் பணியில் நம் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிடக் குறைவு. அதைப் பேச வேண்டியவர்கள் பேசட்டும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கட்டும். ஆனால் தம்பி, போடாத விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. நாம் வரிசையிலேயே நிற்கவில்லை என்றால், வரிசை கோணல் என்று சொல்லும் குரலும் பலவீனப்படும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மூன்று நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வரலாற்று நோட்டில் கூட்டரசு அரசியலமைப்பு, பொதுச் சேவை ஆணையத்தின் பணி, 1969 கலவரத்தைத் தொடர்ந்து 1970-ல் பிறந்த ருக்குன் நெகாரா, 1971-ன் புதிய பொருளாதாரக் கொள்கை ஆகியவை வர வேண்டும். பொருளாதார நோட்டில் ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் பட்ஜெட் உரையும் பேங்க் நெகாரா அறிக்கையின் முக்கியக் கருத்துகளும். தத்துவ நோட்டில் வாரம் ஒரு கேள்வி: "ஏழைக்கு உதவி இனம் பார்த்தா, வருமானம் பார்த்தா?" இரண்டு பக்க வாதத்தையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை முதலில் எழுதுங்கள்.

மலாய் மொழியில் வாரம் ஒரு கட்டுரை எழுதி, தெரிந்த ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. ஆங்கிலத்தில் தினம் ஒரு செய்தியைச் சத்தமாக வாசியுங்கள். சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் ஐந்து பேர் கூடி ஒரு மணி நேரம் விவாதியுங்கள். தனியாகப் படித்தவனுக்கு விஷயம் தெரியும். கூடிப் பேசியவனுக்குத்தான் குழுத் தேர்வில் அடுத்தவரை மடக்காமல் பேச வரும்.

பெற்றோர்களே, பணம் கட்டி வகுப்புக்கு அனுப்ப முடியவில்லையே என்று கலங்க வேண்டாம். உங்கள் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன சம்பளம், தோட்டம் விற்றபோது என்ன கிடைத்தது என்று சொல்லுங்கள். அது தேர்வுக்கு உதவும். தேர்வில் வென்ற பிறகு இன்னும் அதிகம் உதவும். நாளைக்கு நில அலுவலகத்தில் உங்களைப் போன்ற ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நிற்கும்போது, அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு உங்கள் கதை தெரிந்திருக்க வேண்டாமா?

என் தம்பி போன மாதம் அழைத்தான். "அக்கா, அந்த லிங்கி ஆத்து விஷயத்த மறுபடி சொல்லு, எழுதிக்கறேன்" என்றான். சொன்னேன். விண்ணப்பம் திறந்ததும் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். கிடைக்குமா, கிடைக்காதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி மறுபடி வந்தால், எங்கள் வீட்டில் இனி ஒருவர் வாயடைத்து உட்கார மாட்டார்.