ஊசியா? பயமா?

நீதி தவறாத நடுவர் அவர்களே, எதிரணியில் ஊசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கும் நண்பர்களே,

தடுப்பூசி போட்ட பிறகு பிரஷர் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பயம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி சொன்னாங்க, ஊசி போட்டதும் வீட்டுக்காரருக்குப் பிரஷர் ஏறிடுச்சாம். அடுத்து வந்த நண்பர் சொன்னார், அவர் தம்பிக்குப் பிரஷர் இறங்கி மயங்கி விழுந்துட்டானாம். ஐயா, ஒரே ஊசி அண்ணனுக்கு ஏத்தும், தம்பிக்கு இறக்குமா? (சிரிப்பு)

ஊசி செய்யாததைப் பயம் செய்யும். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். சிலருக்கு ஊசியைக் கண்டதுமே இதயத் துடிப்பு குறைந்து, ரத்தக் குழாய்கள் தளர்ந்து, பிரஷர் இறங்கும். ஆள் சாய்ந்துவிடுவார். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார்.

இது நான் புத்தகத்தில் படிச்சது மட்டுமில்லை, எங்க வீட்டிலும் நடந்தது. 2021 மே மாதம் எங்கம்மா கொரோனா தடுப்பூசி போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் வராததுமா மெஷினைக் கையில் கட்டினாங்க. 170. அஞ்சு நிமிஷத்தில் மறுபடி. 176. பக்கத்து வீட்டு அக்கா வேற, "ஊசி வேலையைக் காட்டுதுடி"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. யாரையும் கேட்காமல், வழக்கமான பிரஷர் மாத்திரையோடு கூட ரெண்டு போட்டுக்கிட்டாங்க. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவங்க, தலை சுற்றி விழுந்தாங்க.

நடுவர் அவர்களே, ஊசி போட்ட கையில் வீக்கம்கூட இல்லை. நெத்தியில் நாலு தையல்! (கைத்தட்டல்)

எதிரணி கேட்கும்: ஊசியால் எதுவுமே வராதா? வரலாம். 2021-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர்கள், கொரோனா தடுப்பூசிக்குப் பின் பிரஷர் மிகவும் ஏறிய ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் எட்டு பேருக்கு முன்பே ரத்தக் கொதிப்பு இருந்தது. ஒன்பது பேருமே தேறிவிட்டார்கள். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமையால் பிரஷர் சடாரென இறங்கும். உடம்பெல்லாம் தடிப்பு வரும், மூச்சுத் திணறும். அதற்குத்தான் அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். நாமதான் பஸ் போயிடும்னு எழுந்து ஓடினோம்! (சிரிப்பு)

தாய்மார்களே, ஊசி போடும் நாளிலும் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க. அஞ்சு நிமிஷம் சாய்ந்து அமைதியா உட்கார்ந்து, பேசாமல் அளந்து பாருங்க. நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பக்கத்து வீட்டுக்கு ஓடாதீங்க.

இப்போ எங்கம்மா ஊசிக்குப் பயப்படறதில்லை. என் கேள்விக்குத்தான் பயம்: "டாக்டரைக் கேட்டியாம்மா?" குற்றவாளி ஊசியல்ல, பயமே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.