கிணற்றடிக்கு வரவேண்டிய கல்வி



நூறாண்டு கண்ட நமது கல்லூரியின் மேடையில், நம்மிற் பலர் பின்னர் கற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பற்றிச் சில வார்த்தை பேச விரும்புகிறேன்.

1974இல் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் அது ஒரு வளாகமாகத் தொடங்கியது; 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கொழும்புக்கோ பேராதனைக்கோ பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு, படலையடிக்கே வந்த படிப்பு அது.

அந்தப் படலைக்குள் ஒரு கிணறும் உண்டு. குடாநாட்டிலோ தீவுப்பகுதியிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியின் கசிவும் அதே கல்வெடிப்புகளால் கிணற்றைச் சேரும். கைக்குழந்தைகளுக்குக் கேடான நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது; ஆய்வுகூடந்தான் காட்டும்.

பொதுப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் கடன், அளந்ததை ஆய்வேட்டோடு நிறுத்தாமல், தண்ணீர் அள்ளுபவருக்கு விளங்கும் தமிழில் சொல்வதாகும்.

நமக்கும் பங்குண்டு. எந்த நாட்டில் இருந்தாலும், ஊர் வீட்டு முற்றத்தைச் சீமெந்தால் மூடுமுன் மழை எங்கே இறங்கும் என்று யோசியுங்கள். விடுமுறையில் வரும்போது கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அம்மாமார் அள்ளிக் குடித்த தண்ணீர் நம் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும்.