நிறைகோல் பிடித்த கை

(கடைத்தெரு வணிகர்கள் கூடிய தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர்க் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்திவரும் நம் நண்பர், சட்டமன்றத் தேர்தலில் எக்கட்சியையும் சாராமல் நிற்கப் போவதாக அறிவித்துள்ளார். அவரை வாழ்த்த என்னை அழைத்தீர்கள். வாழ்த்துகிறேன். ஆனால், வாழ்த்தைக் கொண்டு ஒருபடி அரிசியும் வாங்க முடியாது. ஆகவே சில கணக்குகளைச் சொல்கிறேன். வணிகர்க்குக் கணக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதே எனினும்!

காப்புத்தொகை 10,000 உருபா. 1996 வரை அது வெறும் 250 உருபாவாக இருந்தது. விழுந்த செல்லத்தக்க ஒப்போலைகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிடில் அத்தொகை திரும்பாது. இஃதாவது போகட்டும். 2022 முதல் ஒரு வேட்பாளர் 40 இலக்கம் உருபா வரை செலவிடலாமாம்! கட்சிகள் தம் பரப்புரைக்குச் செலவிடும் பணத்திற்கோ வரம்பே இல்லை. நம் நண்பர் கடையை ஈடு வைத்தாலும் அந்த 40 இலக்கம் தேறுமா?

ஈரோட்டில் மண்டி வணிகம் செய்த பெரியார், நகராட்சித் தலைவராக இருந்து 1919-இல் அப்பொறுப்பைத் துறந்தார். அவர் செல்வர், அதை மறைப்பானேன்? அக்காலத்தில் உடைமையும் வரியும் உடையார்க்கே ஒப்போலை உரிமை இருந்தது. 1952 பொதுத்தேர்தலில் அகவை நிரம்பிய அனைவர்க்கும் அவ்வுரிமை வாய்த்தது. ஒப்போலையிடும் உரிமை கூலிக்காரர்க்கும் வந்துவிட்டது. தேர்தலில் நிற்கும் உரிமையோ பணப்பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கிறது. நண்பர் நிற்கவேண்டும் என்று நான் சொல்வதன் கரணியம் இதுவே.

ஒன்றை அவர் மறக்கலாகாது. அரசுக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் வேட்பாளராகும் தகுதி போய்விடும். அரசு விடுதிக்குப் பருப்பு அனுப்பும் ஒப்பந்தம் ஏதேனும் இருப்பின், வேட்புத்தாள் கொடுக்குமுன் முறையாக முடித்துக்கொள்க!

இனி அவருடைய கடனேடு. இத்தெருவில் பாதிப்பேர் பெயர் அதில் இருக்கிறது. என் பெயரும் உண்டு! கடனையெல்லாம் தள்ளிவிட்டால் ஒப்போலைகள் தாமே வந்து குவியும் என்று ஒருவர் அவருக்கு அறிவுரை கூறினாராம். ஒப்போலைக்காகக் கடனைத் தள்ளுவது கையூட்டு. சட்டத்தின் முன்னும் அது குற்றமே. கடனைக் காட்டி நெருக்குவதோ அதனினும் இழிவு. தேர்தல் முடியுமட்டும் அவ்வேட்டைத் தம் துணைவியாரிடம் ஒப்படைக்குமாறு நண்பரை வேண்டுகிறேன். நாங்கள் கடனைத் திங்கள்தோறும் அம்மையாரிடமே கட்டுவோம்.

அவர் கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். தூய தமிழ்! ஆங்கிலப் பெயர் வைத்தால்தான் கூட்டம் வரும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் துண்டறிக்கையிலும் இருக்கட்டும். 'ஓட்டு', 'சீட்டு' என்று எழுதினால்தான் மக்களுக்கு விளங்கும் என்பார் சொல்லைக் கேளாதீர்!

ஏற்பிசைவு பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தாற் போதும். கட்சி சாராதவர்க்கோ அத்தொகுதி வாக்காளர் பதின்மர் முன்மொழிய வேண்டும். முதற் கையெழுத்தை நான் இடுகிறேன். ஒன்பதின்மர் வேண்டும். தாள் இங்கே மேசைமேல் இருக்கிறது.