பழைய நூலுக்குள் ஒரு கானகம்



தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயங்களைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதேபோல், சிறுவர்களுக்கான விலங்கு சாகசக் கதைகளின் பழைய மெல்லட்டைப் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கிழிந்த அட்டையும் பழுப்பேறிய தாளும் கொண்ட இந்நூல்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

இவர்கள் விரும்பித் தேடும் எழுத்தாளர்களுள் ஒருவர் வில்லர்ட் பிரைஸ். 1887இல் கனடாவில் பிறந்தவர். 1949இல் வந்த 'அமேசான் அட்வென்ச்சர்' தொடங்கி 1980இல் வந்த 'ஆர்க்டிக் அட்வென்ச்சர்' வரை, இந்த வரிசையில் 14 நூல்களை எழுதினார். ஹால், ரோஜர் என்னும் இரு சகோதரர்கள் உலகெங்கும் சென்று வனவிலங்குகளை உயிரோடு பிடித்து வருவதுதான் கதை. அவற்றை விலங்குக் காட்சிசாலைகளுக்கு விற்பது அவர்களுடைய தந்தையின் தொழில்.

பிரிட்டனில் இந்நூல்கள் 'நைட்' என்ற பெயரில் மலிவு விலைப் பதிப்புகளாகவும் வந்தன. மலிவான நூல் என்பதால் பிள்ளைகளின் பைகளில் கசங்கும், கைமாறும், கடைசியில் குப்பைக்குப் போகும். நல்ல நிலையில் உள்ள பிரதிகள் அரிதாவது இதனால்தான்.

பிரிட்டிஷ் பதிப்பு ஒன்றின் வயதைக் கண்டறிவது எப்படி? முதலில், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். முதற்பதிப்பு, மறுபதிப்பு ஆண்டுகள் பெரும்பாலும் அங்கே இருக்கும். அடுத்து, பின்னட்டை விலை. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15ஆம் நாள் தசம நாணய முறைக்கு மாறியது. விலை ஷில்லிங்கில் மட்டும் இருந்தால், நூல் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 5 ஷில்லிங், 25 பென்ஸ் என இரண்டும் சேர்ந்திருந்தால் அது மாற்றக் காலத்துப் பிரதி.

நமது வெப்பமும் ஈரப்பதமும் இத்தகைய நூல்களுக்குப் பகை. மலிவுத் தாளில் உள்ள அமிலம் அதனை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கிறது. முதுகில் தடவிய பசை காய்ந்தால் பக்கங்கள் உதிர்கின்றன. இராமபாணப் பூச்சியோ தாளையும் பசையையும் அரிக்கிறது. எனவே வெயில் படாத, காற்றோட்டமான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். நூலை முழுவதுமாக விரித்து மடக்காதீர்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள்; காலப்போக்கில் அதுவே கறையாகிவிடும்.

சரி, பாதுகாத்த நூலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? இதுதான் முக்கியமான கேள்வி. காட்டு விலங்கைக் கூண்டில் அடைப்பது இக்கதைகளில் வீரச் செயல். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாடு 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. 1975இல் நடப்புக்கு வந்தது. மலேசியா 1977இல் அதில் இணைந்தது. இன்று அனுமதியின்றி ஹாலும் ரோஜரும் இத்தொழிலைச் செய்தால், வீரர்கள் என்றா சொல்வோம்? பழங்குடி மக்களைப் பார்த்த பார்வையும் அப்படித்தான். 1972இல் வந்த ஒரு நூலின் தலைப்பிலேயே 'நரமாமிசம் உண்பவர்' என்ற சொல் இருக்கிறது.

2012 முதல் அந்தோணி மெக்கோவன் இதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையை வைத்துப் புதிய கதைகளை எழுதினார். அதில் பிள்ளைகள் விலங்குகளைப் பிடிக்கவில்லை, காப்பாற்றுகிறார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மனிதனின் மனம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது பிள்ளைக்கே விளங்கும்.

ஆகவே, பழைய நூலைத் தூக்கி எறியவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் வேண்டாம். பிள்ளையின் அருகில் அமர்ந்து சேர்ந்து வாசியுங்கள். "அந்தச் சிறுத்தைக்குக் கூண்டில் எப்படி இருந்திருக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பிள்ளை சொல்லும் பதில், அலமாரியில் உள்ள எந்த அரிய பிரதியையும்விட விலை உயர்ந்தது.