மருத்துவருக்குக் கை கொடுப்பவர்

(கற்போர் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் பேசியது)

 

இங்கே மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். ஆடு வளர்ப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் மாட்டுக்கு உடம்பு சரியில்லை. யாரைத் தேடுவீர்கள்?

"மாட்டு டாக்டரை" என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் உங்கள் கொட்டிலுக்கு அடிக்கடி வருபவர் யார்? தடுப்பூசி போட வருபவர் யார்? சினை ஊசி போட வருபவர் யார்? கால்நடை உதவியாளர்தான். சில இடங்களில் அவரைக் கால்நடை ஆய்வாளர் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். அவர் மருத்துவருக்குக் கை கொடுப்பவர்.

இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவர் இல்லாவிட்டால் என்னைப் போன்ற மருத்துவர்களின் வேலை பாதியில் நின்றுவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம்

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கு எடுத்தார்கள். மாடுகள் 19 கோடிக்கு மேல் இருந்தன. எருமைகள் ஏறக்குறைய 11 கோடி. வெள்ளாடுகள் ஏறக்குறைய 15 கோடி. செம்மறி ஆடுகள் 7 கோடிக்கு மேல்.

5,000 மாடுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று 1976-இல் தேசிய விவசாயக் கமிஷன் சொன்னது. அப்படி ஒரு மருத்துவர் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அவர் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போடப் புறப்படுகிறார். ஒரு மாட்டைப் பிடித்து, கட்டி, ஊசி போட 5 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் 12 மாடுகள். 8 மணி நேரத்தில் 96 மாடுகள். 5,000 மாடுகளுக்கும் போட்டு முடிக்க 52 நாள் ஆகும். இந்த ஊசியை ஆண்டுக்கு இரண்டு முறை போட வேண்டும். மொத்தம் 104 நாள்!

ஒரே ஒரு நோய்க்கே இவ்வளவு நாள். அந்த நாட்களில் கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவை யார் பார்ப்பது? வயிறு உப்பித் துடிக்கும் எருமையை யார் பார்ப்பது? இங்கேதான் உதவியாளர் தேவைப்படுகிறார். ஊசி போடும் வேலையை நாலு உதவியாளர்கள் பிரித்துக்கொண்டால் மருத்துவர் நோயைப் பார்க்கலாம்.

இது சின்ன வேலை அல்ல

"ஊசி போடுவது பெரிய வேலையா?" என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய வேலைதான்.

தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். வெயிலில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஊசி போட்டாயிற்று என்று நாம் நம்பி இருப்போம். நோய் வந்துவிடும்.

கன்று வீச்சு நோய்க்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது. 4 மாதம் முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும்தான் அதைப் போட வேண்டும். அந்த மருந்து போடுபவரின் கண்ணில் தெறித்தால் அவருக்கே நோய் வரலாம். அதனால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி இல்லாதவருக்கு இது தெரியுமா?

சினை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு காலையில் பருவத்துக்கு வந்தால் மாலையில் போட வேண்டும். மாலையில் வந்தால் மறுநாள் காலையில் போட வேண்டும். நேரம் தவறினால் சினை பிடிக்காது. மறுபடியும் 21 நாள் காத்திருக்க வேண்டும். 21 நாள் தீவனச் செலவு யாருக்கு? நமக்குத்தான்.

ஒரு மாடு திடீரென்று செத்துக் கிடக்கிறது. மூக்கில் ரத்தம் வடிகிறது. பயிற்சி பெற்றவர் அதை அறுக்க விடமாட்டார். தோலை உரிக்க விடமாட்டார். அது அடைப்பான் நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும். உடனே மருத்துவருக்குச் சொல்வார். அதனால் மனித உயிரும் காப்பாற்றப்படும்.

எல்லை எது?

உதவியாளர் மருத்துவர் ஆகிவிட முடியாது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பயிற்சி பெற்ற உதவியாளர் சிறிய சிகிச்சைகளைச் செய்யலாம். அதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும். தன்னால் முடியாததை "முடியாது, டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்பவர்தான் நல்ல உதவியாளர்.

நாம் வென்ற கதை

வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது வந்தால் கொட்டில் கொட்டிலாக மாடுகள் சாகும். உழ மாடு இருக்காது. குழந்தைக்குப் பால் இருக்காது.

1954-இல் நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஊழியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். 1995-க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோய் இல்லை. 2006-இல் இந்தியாவில் வெக்கை நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 2011-இல் உலகத்திலேயே ஒழிந்தது. மனிதர் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டுதான். ஒன்று பெரியம்மை. மற்றொன்று இந்த வெக்கை நோய்.

மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் அறிஞர்கள். அதைக் கொட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஊழியர்களின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கோமாரியை ஒழிக்க 2019-இல் தொடங்கிய திட்டம் நடக்கிறது. இதற்கும் அத்தகைய கைகள் வேண்டும். இன்னும் நிறைய வேண்டும்.

யார் கற்கலாம்?

பல மாநிலங்களில் இதற்கு இரண்டு ஆண்டு டிப்ளமோ படிப்பு உண்டு. சினை ஊசி போடுவதற்குத் தனிப் பயிற்சியும் உண்டு. அது சுமார் மூன்று மாதம்.

பெண்களும் இந்த வேலைக்கு வர வேண்டும். ஆட்டுக்குத் தழை போடுவது யார்? பால் கறப்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் 'பசு சகி' என்ற பெண்கள் இருக்கிறார்கள். அங்கே பசு என்றால் கால்நடை. சகி என்றால் தோழி. ஊர்ப் பெண்களே பயிற்சி பெறுகிறார்கள். ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட உதவுகிறார்கள். ஏழை வீட்டில் நாலு ஆடு என்பது நாலாயிரம் அவசரத்துக்கு உதவும் சேமிப்பு. அதைக் காப்பவள் அந்தத் தோழி.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: பயிற்சி இல்லாதவரிடம் மாட்டைக் காட்டாதீர்கள். "எங்கே படித்தீர்கள்? எந்த மருத்துவரின் கீழ் வேலை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இரண்டு: நீங்கள் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மருந்துப் புட்டியில் உள்ள தேதியைப் படித்துப் பாருங்கள். சினை ஊசி போட்ட நாளை நோட்டில் எழுதி வையுங்கள். அன்றிலிருந்து பசு சுமார் 280 நாளில் கன்று போடும். எருமைக்குச் சுமார் 310 நாள்.

மூன்று: உங்கள் மகனை, மகளை, மருமகளை இந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். "எங்கள் ஊருக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும்" என்று கேளுங்கள்.

மாடு பிழைத்தால் வீடு பிழைக்கும். மாட்டைப் பிழைக்க வைக்கக் கைகள் வேண்டும். அவை கற்ற கைகளாக இருக்க வேண்டும். அந்தக் கைகள் உங்கள் வீட்டிலிருந்தே வரட்டும்.